குப்பைக்கு வந்த யோகம்

வைதேகி காத்திருந்தாள் படம் பார்த்திருப்பீர்கள். படத்தை மறந்தவர்களுக்கும் அந்த பெட்ரோமாக்ஸ் காமெடி மறந்திருக்காது. கவுண்டமணியின் கடைக்கு வரும் செந்தில், இது எப்படி வெளிச்சம் தருகிறது என்று விசாரித்தபடியே மேண்டிலை ஓர் அமுக்கு அமுக்குவார். மொத்தமும் பொடிப்பொடி. 1984-ல் வந்த படம். டி.வி.யில் வரும்போதெல்லாம் இன்னமும் சிரிக்கிறோம்.

யோசித்துப் பார்த்தால் செந்தில் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. அவருக்குத்தான் பதில் கிடைக்கவில்லை. நாம் சொல்லிவிடலாம்.

கடையில் வாங்கும்போது மேண்டில் என்பது ஒரு சின்னத் துணிப்பை. தோரியம் என்ற உலோகத்தின் உப்புக் கரைசலில் முக்கிக் காயவைத்தது. முதல் தடவை பற்றவைத்ததும் துணி எரிந்து காணாமல் போய்விடும். மிஞ்சுவது தோரியம் ஆக்ஸைடு. அதாவது, சாம்பல். அந்தச் சாம்பல் துணியின் வடிவத்திலேயே விறைத்து நிற்கும். சூடு ஏறினால் வெள்ளை வெளேரென்று ஒளிரும். தொட்டால்? செந்திலுக்கு நடந்ததுதான் நடக்கும்.

அப்படியானால் இந்த வாரக் கதாநாயகன் தோரியமா? இல்லை. தோரியத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வேண்டாம் என்று ஒதுக்கினார்களே, அந்தக் கசடுக்குள் ஒரு உலோகம் இருந்தது. பெயர் நியோடைமியம். நூறு வருஷத்துக்கு முன்னால் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு உங்கள் காதில் மாட்டியிருக்கும் இயர்போனில் அது இருக்கிறது. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போகிறாரே மின்சார ஸ்கூட்டர், அதன் மோட்டாரில் இருக்கிறது. அதைக் கொடு என்று அமெரிக்காவும் ஜப்பானும் சீனாவின் வாசலில் நிற்க நேர்ந்திருக்கிறது.

அன்றைக்குத் தோரியம் சரக்கு, நியோடைமியம் குப்பை. இன்றைக்கு நியோடைமியம் சரக்கு. தோரியம்? அதுதான் தலைவலி. மணல் என்னவோ அதே மணல். அந்த மணலில் ஒரு பங்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் கிடக்கிறது.

முதலில் இந்தக் குடும்பத்தைத் தெரிந்துகொள்வோம். மொத்தம் 17 பேர். லாந்தனம், சீரியம், சமேரியம், யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம், யிட்ரியம் என்று வாயில் நுழையாத பெயர்கள். கூட்டாக, அரிய மண் உலோகங்கள். இந்தப் பெயரில் இரண்டு தப்பு. இவை மண் அல்ல. எளிதில் உருகாத, கரையாத பொடி எதைப் பார்த்தாலும் மண் என்று எழுதிவைப்பது 18-ம் நூற்றாண்டு ரசாயனக்காரர்களின் பழக்கம். அரியவையும் அல்ல. பூமியின் மேலோட்டில் ஈயம் இருப்பதைவிட நியோடைமியம் அதிகமாகவே இருக்கிறது.

பிறகு ஏன் அரிய? 1787-ல் ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் பக்கத்திலுள்ள யிட்டர்பி என்ற கிராமத்தில், அர்ஹேனியஸ் என்ற ராணுவ அதிகாரிக்குக் கனமான ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. அதற்குள் புதிதாக ஒரு 'மண்' இருக்கிறது என்று 1794-ல் கடோலின் என்ற விஞ்ஞானி சொன்னார். வேறெங்கும் கிடைக்காததால் அரியது என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டே இருந்தன. யிட்ரியம், டெர்பியம், எர்பியம், யிட்டர்பியம் என்று நான்கு தனிமங்களுக்கு அந்த ஒரே குக்கிராமத்தின் பெயர்!

இவற்றில் உண்மையிலேயே அரிதான விஷயம் ஒன்று உண்டு. தனித்தனியாகப் பிரிப்பது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ரசாயன குணம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று கரைந்தால் எல்லாம் கரையும். ஒன்று படிந்தால் எல்லாம் படியும். 1841-ல் மொசாண்டர் என்ற ஸ்வீடன்காரர் புதிதாக ஒரு உலோகத்தைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஏற்கெனவே தெரிந்திருந்த லாந்தனத்தின் ஜோடி மாதிரி இருந்ததால் டிடிமியம் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் இரட்டை என்று அர்த்தம். பெயர் வைத்த நேரம், அந்த டிடிமியமே இரட்டையாக இருந்தது! அது தெரியவே 44 வருஷம் ஆனது.

கண்டுபிடித்தவர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். ஆஸ்திரியாக்காரர். 1885-ல் அவருக்கு வயது 26. செய்முறை சொல்வதற்குச் சுலபம். உப்பைக் கரைத்துப் படிகமாக விடவேண்டும். ஒரே யூனிஃபார்ம் போட்ட இரட்டைப் பிள்ளைகளில் ஒருவன் மற்றவனைவிடக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் உட்காருவான் இல்லையா? அந்த வித்தியாசம்தான் மூலதனம். முதலில் படிந்ததைத் தனியாக எடு. மறுபடி கரை. மறுபடி படியவிடு. மறுபடி கரை. சலிக்காமல் இதையே திரும்பத் திரும்பச் செய்ததில் டிடிமியம் இரண்டாக உடைந்தது. ஒன்று பச்சை நிற உப்பு, ப்ரசியோடைமியம். பச்சை இரட்டை. இன்னொன்று ஊதாச் சாயல் கொண்ட நியோடைமியம். புதிய இரட்டை.

சரி, இதை வைத்து என்ன பண்ணுவது? ஒன்றும் பண்ண முடியாது. ஆவருக்கே அது தெரியும். ஆனால் மனிதர் விஞ்ஞானி மட்டுமல்ல, தொழிலதிபர் ரத்தமும் கொஞ்சம் ஓடியது. இந்த அரிய மண்களைச் சூடாக்கும்போது பளிச்சென்று ஒளிர்வதைக் கவனித்தவர், அதே 1885-ல் கேஸ் விளக்குக்கு மேண்டில் செய்து பேடண்ட் வாங்கினார். முதல் மேண்டிலின் வெளிச்சம் பச்சையடித்தது. அந்த வெளிச்சத்தில் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? 1889-ல் தொழிற்சாலையை மூடினார். விடவில்லை. 99 பங்கு தோரியம், 1 பங்கு சீரியம் என்று கலவையை மாற்றினார். 1891-ல் வந்தது வெள்ளை வெளிச்சம். ஐரோப்பாவே அதன் கீழே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தது. மேண்டில்கள் கோடிக்கணக்கில் விற்றன.

அவ்வளவு மேண்டிலுக்குத் தோரியம் எங்கே போவது? மோனசைட் என்ற கனிமத்தில் கிடைக்கும். மோனசைட் எங்கே? அமெரிக்காவின் கரோலினா பகுதியில் கொஞ்சம், பிரேஸில் கடற்கரையில் நிறைய. பிரேஸில் மணல் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. வியாபாரத்தின் குடுமி ஜெர்மன் கம்பெனிகளின் கையில்.

இந்த இடத்தில்தான் தென்னை நார் கதைக்குள் வருகிறது. ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயனக்காரர் 1909-ல், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட் மினுங்கியது. கயிறு எந்த ஊர் என்று நூல் பிடித்துக்கொண்டே வந்தவர், மணவாளக்குறிச்சியில் வந்து நின்றார். குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிற மணவாளக்குறிச்சிதான். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அடுத்த ஓரிரு வருஷங்களில் அங்கே மணல் பிரிக்கும் ஆலை வந்துவிட்டது. அலை கொண்டுவந்து கொட்டும் கருமணலில் இல்மனைட், ஸிர்கான், கார்னெட்டோடு கலந்து கிடந்த மோனசைட் கடல் தாண்டிப் போக ஆரம்பித்தது. 1914-ல் முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர்கள் போய் பிரிட்டிஷ் கம்பெனிகள் வந்தன. மணல் போவது மட்டும் நிற்கவில்லை.

ஐரோப்பாவில் அந்த மணலிலிருந்து தோரியத்தை உறிஞ்சிக்கொண்டார்கள். மோனசைட்டில் தோரியம் எவ்வளவு? நம்ம ஊர் மணலில் எட்டு முதல் பத்து சதவிகிதம். பாதிக்கும் மேல் அரிய மண்கள். அதாவது, வேண்டியதைப் போலப் பல மடங்கு வேண்டாதது! தொழிற்சாலை வாசலில் மலையாகக் குவிந்தது. ஆவர் சும்மா இருப்பாரா? 1903-ல் அந்தக் கசடிலுள்ள சீரியத்தையும் இரும்பையும் சேர்த்து ஒரு கலவைக்குப் பேடண்ட் வாங்கினார். உரசினால் பொறி பறக்கும். சிகரெட் லைட்டரில் இருக்கும் கல் அதுதான். சீரியத்துக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது. நியோடைமியத்துக்கு? கண்ணாடிக்கு ஊதா நிறம் ஏற்ற, கண்ணாடி ஊதும் தொழிலாளிகளின் மூக்குக்கண்ணாடியில் மஞ்சள் ஒளியை வடிகட்ட என்று சில்லறை வேலைகள். மற்றபடி குப்பை.

மின்சார பல்பு வந்து மேண்டிலை ஓரம்கட்டியது. தோரியத்தின் சந்தை படுத்தது. பின்னாலேயே அணுகுண்டு வந்தது. தோரியம் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. இதிலிருந்து அணு எரிபொருள் தயாரிக்கலாம் என்று தெரிந்ததும் கடற்கரை மணல் ராஜரீக விஷயமாகிவிட்டது. 1947 ஜூனில், திருவிதாங்கூர் தனி நாடாகத்தான் இருக்கும் என்று திவான் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார் அல்லவா? அந்தத் தைரியத்துக்குப் பின்னால் இந்த மணலும் உண்டு. ஜூலையில் அவர்மீது கொலைமுயற்சி நடந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1950-ல் மத்திய அரசு இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஆலுவாவில் மோனசைட்டைப் பதப்படுத்தும் தொழிற்சாலையை 1952 டிசம்பரில் நேரு திறந்து வைத்தார். மணவாளக்குறிச்சி 1956-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது. அங்கிருந்த மணல் ஆலையும் 1960-களில் இந்த அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மவுண்டன் பாஸ் என்ற அரிய மண் சுரங்கம் வேலையை ஆரம்பித்ததும் அதே 1952. ஓட்டப்பந்தயத்தில் நாமும் அமெரிக்காவும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பியிருக்கிறோம்! மவுண்டன் பாஸுக்கு அடித்தது கலர் டி.வி. யோகம். திரையில் சிவப்பு பளிச்சென்று தெரிய யூரோப்பியம் வேண்டியிருந்தது. 1960-களின் நடுவிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் உலகத்தின் அரிய மண் கடை மவுண்டன் பாஸ்தான்.

நியோடைமியம்? பொறுங்கள். 1964-ல் அமெரிக்காவின் பெல் லேபரட்டரியில் அதை வைத்து ஒரு லேசர் செய்தார்கள். கேட்டராக்ட் ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு மறுபடி பார்வை மங்கினால், யாக் லேசர் போட்டுக்கொள்ளலாம் என்பார் கண் டாக்டர். அதே சங்கதிதான். ஆனால் அதற்கு வேண்டியது சிட்டிகை அளவு. சிட்டிகையை வைத்துச் சந்தை நடத்த முடியாது.

சந்தையைத் திறந்துவிட்டது ஆப்பிரிக்காவில் நடந்த ஒரு சண்டை. அப்போது உலகின் சக்தி வாய்ந்த காந்தங்கள் சமேரியத்தையும் கோபால்ட்டையும் சேர்த்துச் செய்யப்பட்டவை. கோபால்ட்டில் பெரும்பங்கு ஜயர் நாட்டிலிருந்து வந்தது. இன்றைய காங்கோ. 1978-ல் அங்கே ஷாபா மாகாணத்தின் சுரங்க நகரத்துக்குள் கிளர்ச்சிப்படை புகுந்தது. கோபால்ட் விலை எகிறியது. காந்தம் வேண்டியவர்கள் கையைப் பிசைந்தார்கள். கோபால்ட் இல்லாமல் ஒரு காந்தம் செய்ய முடியாதா?

ஜப்பானில் ஃபுஜிட்சு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மசாட்டோ சகாவா முடியும் என்றார். கம்பெனி ஆர்வம் காட்டவில்லை. 1982-ல் ராஜினாமா கொடுத்துவிட்டு சுமிடோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் சேர்ந்தார். அதே வருஷம் காந்தம் தயார். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் க்ரோட் என்பவரும் தனி வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1983 நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஒரே மாநாட்டில் இரண்டு பேருமே விஷயத்தைப் போட்டு உடைத்தார்கள். நியோடைமியம், இரும்பு, கொஞ்சம் போரான். இரும்புக்குப் பலம் உண்டு, ஸ்திரபுத்தி கிடையாது. அதன் காந்தத்தன்மை காற்றடிக்கிற பக்கம் திரும்பிவிடும். நியோடைமியம் அதை ஒரே திசையில் கட்டிப்போடுகிறது. போரான் இரண்டையும் ஒரே படிகத்துக்குள் உட்காரவைக்கிறது. முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகச் சாதாரண இரும்பு. மீதியில் பெரும்பகுதி, குப்பையிலிருந்து எடுத்த உலோகம். விளைவு, அதுவரை உலகம் பார்க்காத பலம்.

காந்தம் சின்னதானால் மோட்டார் சின்னதாகும். மோட்டார் சின்னதானால் எல்லாமே சின்னதாகும். வாக்மேனிலிருந்து செல்போன் வரை, மின்சாரக் காரிலிருந்து கடலில் நிற்கும் ராட்சதக் காற்றாலை வரை இந்தக் காந்தம் நுழைந்தது. நியோடைமியத்துக்கு யோகம் வந்தேவிட்டது.

அமெரிக்கா கண்டுபிடித்தது. ஜப்பான் கண்டுபிடித்தது. அப்புறம் எப்படி இது சீனாவின் சொத்தானது?

சீனாவின் உள் மங்கோலியாவில் பயன் ஓபோ என்ற இரும்புச் சுரங்கம் இருக்கிறது. இரும்போடு சேர்ந்து அரிய மண்களும் மலையாக வருகின்றன. இருந்து என்ன? பிரிக்கத் தெரியவேண்டுமே! 1972-ல் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷு குவாங்ஷியனிடம் அரசாங்கம் ஒரு அவசர வேலையைக் கொடுத்தது. என்ன வேலை தெரியுமா? ப்ரசியோடைமியத்தையும் நியோடைமியத்தையும் பிரிக்கவேண்டும். ஆமாம், ஆவர் பிரித்த அதே இரட்டைதான். ஷு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 1951-ல் நாடு திரும்பியவர்.

ஆவர் கிண்ணத்தில் செய்ததை இவர் தொட்டிகளில் செய்தார். ஒரு பக்கத்திலிருந்து அமிலத்தில் கரைத்த உலோகக் கலவை, எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான். இரண்டும் எதிரெதிராக ஓடி, வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் கலந்து பிரிந்து கலந்து பிரிந்து போகும்போது, ஒரு கோடியில் நியோடைமியம் வரும், மறு கோடியில் ப்ரசியோடைமியம் வரும். இப்படிப் பிரிக்கும் முறை மேல்நாடுகளிலும் இருந்தது. ஷு செய்தது கணக்கு. எத்தனை தொட்டி, எவ்வளவு அமிலம், எந்த வேகம் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லும் சூத்திரங்களை உருவாக்கினார். வருஷக்கணக்கில் சோதனை செய்து தொழிற்சாலை கட்டிய காலம் போய், காகிதத்தில் கணக்குப் போட்டு நேராகக் கட்டும் காலம் வந்தது. அதோடு விடாமல், நாடெங்கும் தொழிற்சாலை ஆட்களுக்கு அதை வகுப்பெடுத்தார்.

கேட்கவேண்டுமா? ஊருக்கு ஊர் பிரிப்பு ஆலை முளைத்தது. ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விலையைக் குறைத்தார்கள். 1990-களில் உலகச் சந்தையில் அரிய மண் விலை விழுந்த விழுச்சியில் மற்ற நாட்டு ஆலைகள் நொண்டியடித்தன. மத்திய கிழக்கிடம் எண்ணெய் இருந்தால் நம்மிடம் அரிய மண் இருக்கிறது என்று டெங் ஷியாவ்பிங் 1992-ல் பெருமைப்பட்டதாகச் சொல்வார்கள். கசப்பான பகுதி என்னவென்றால், இவ்வளவு மலிவாக விற்று நாட்டுச் சொத்தை அழிக்கிறோமே என்று கடைசிக் காலத்தில் அதிகம் வருத்தப்பட்டவர் ஷு குவாங்ஷியன்தான். உற்பத்தியைக் கட்டுப்படுத்துங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2015-ல் காலமானார்.

விலை ஏன் அவ்வளவு குறைவு? கூலி குறைவு என்பது பாதிப் பதில். மீதிப் பாதி பாவ்டோ நகரத்துக்கு வெளியே கிடக்கிறது. பயன் ஓபோ தாதுவைப் பதப்படுத்தும் நகரம் அது. அமிலமும் கன உலோகங்களும் தோரியமும் கலந்த கழிவு, சதுர கிலோமீட்டர் கணக்கில் கறுப்பு ஏரியாக நிற்கிறது. சுற்றியிருந்த விவசாயிகள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். அந்தச் செலவு எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கிலும் எழுதப்படவில்லை. எழுதாத செலவு இருக்கிறதே, அதைவிடப் பெரிய லாபம் வியாபாரத்தில் கிடையாது.

மற்ற நாடுகளில் அந்தச் செலவை எழுதச் சொன்னார்கள். மலேசியாவில் ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஒரு ஆலை இருந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி குழுமம் பங்குதாரர். தோரியக் கழிவை எதிர்த்து ஊர் ஜனங்கள் கோர்ட்டுக்குப் போக, கடைசியில் மூடினார்கள். மவுண்டன் பாஸில் கழிவு நீர்க் குழாய் பல தடவை உடைந்து பாலைவனத்தில் பாய்ந்தது. 1998-ல் பிரிக்கும் வேலை நின்றது. 2002-ல் சுரங்கமே மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தக் கம்பெனியான மேக்னக்வென்ச்சை, சீன நிறுவனங்களும் சேர்ந்த ஒரு குழுவுக்கு 1995-ல் விற்றது. சில வருஷங்களில் அமெரிக்க ஆலைகள் மூடப்பட்டு, தொழில் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் ஆலுவா? சீன விலையோடு மல்லுக்கட்ட முடியாமல் 2004-ல் இந்தியா அரிய மண் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 1952-ல் ஒரே கோட்டில் கிளம்பிய இரண்டு பேருமே மைதானத்தை விட்டு வெளியே!

2010-ல் இதற்கு பில் வந்தது. செப்டம்பர் 7-ம் தேதி சென்காகு தீவுகளுக்கு அருகே ஒரு சீன மீன்பிடிப் படகு ஜப்பான் கடலோரக் காவல் படையின் கப்பல்கள்மீது மோதியது. ஜப்பான் கேப்டனைக் கைது செய்தது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் அரிய மண் சரக்கு துறைமுகத்தில் நின்றது. தடை எதுவும் இல்லையே என்றது சீன அரசு. சரக்கு மட்டும் நகரவில்லை. அன்றைக்கு உலக உற்பத்தியில் சுமார் 97 சதவிகிதம் சீனாவுடையது. கேப்டன் விடுதலையானார். ஆனால் பயம் விடுதலையாகவில்லை. 2011 நடுவில் நியோடைமியம் விலை முந்தைய வருஷத் தொடக்கத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு.

விலை ஏறினால் சும்மா இருப்பார்களா? மவுண்டன் பாஸைத் தூசு தட்டினார்கள். அதை வைத்திருந்த மாலிகார்ப் கம்பெனியின் பங்கு 2010 ஜூலையில் 14 டாலருக்கு வெளியாகி, அடுத்த வருஷமே 70 டாலரைத் தாண்டியது. வாங்கியவர்கள் கனவில் மிதந்தார்கள். ஆனால் உபயோகிப்பவர்கள் சிக்கனமானார்கள். சீனாவிலிருந்து கள்ளச் சரக்கு வந்தது. உலக வர்த்தக நிறுவனத்தில் தோற்ற சீனா, 2015 ஜனவரியில் ஏற்றுமதி ஒதுக்கீட்டையே கைவிட்டது. விலை பாதாளத்துக்குப் போனது. 2015 ஜூனில் மாலிகார்ப் திவால். ஜப்பான் மட்டும் புத்திசாலித்தனமாக, 2011-லேயே ஆஸ்திரேலியாவின் லைனஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் கொடுத்து, நஷ்டக் காலத்திலும் கைவிடாமல் தாங்கிப் பிடித்தது. சீனாவுக்கு வெளியே பெரிய பிரிப்பு ஆலை அதனால்தான் பிழைத்தது.

காமர்ஸ் படித்தவனுக்கு இந்தச் சந்தையில் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது. ஒன்று, இது ரொம்பச் சின்னச் சந்தை. உலகத்தில் ஒரு வருஷத்துக்கு எடுக்கும் தாமிரம் 2 கோடி டன்னுக்கும் மேல். அரிய மண்கள் 17-ஐயும் சேர்த்து 2024-ல் 3 லட்சத்து 90 ஆயிரம் டன். சின்னக் குளத்தில் ஒரு யானை இறங்கினால் தண்ணீர் மட்டம் அது நினைத்தபடிதான். போட்டிக்காரன் கடை திறக்கும்போது விலையை இறக்கினால் போதும். இரண்டு, தலைக்கறி மட்டும் வேண்டும் என்றாலும் முழு ஆட்டையும் வெட்டவேண்டும். மோனசைட்டில் உள்ள அரிய மண்களில் கிட்டத்தட்டப் பாதி சீரியம். நியோடைமியம் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மிச்சத்தையும் பிரித்தாகவேண்டும், விற்றாகவேண்டும், விற்காததைச் சுமந்தாகவேண்டும். மேலே தோரியம் வேறு.

2025 ஏப்ரலில் யானை மறுபடி குளத்தில் இறங்கியது. அமெரிக்கா வரி போட, சீனா ஏழு அரிய மண்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. பட்டியலில் நியோடைமியம் இல்லை. ஆனால் சூடு ஏறினால் நியோடைமியக் காந்தத்தின் பலம் குறையும். மோட்டாருக்குள் தாக்குப்பிடிக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் சேர்க்கவேண்டும். அவை இரண்டும் பட்டியலில் இருந்தன. அவற்றைச் சேர்த்த காந்தமும் இருந்தது. போதாதா? ஜப்பானில் சுஸுகி ஸ்விஃப்ட் உற்பத்தி சில நாள் நின்றது. சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. நம் மின்சார ஸ்கூட்டர் கம்பெனிகள் காந்தத்துக்காகத் தவம் கிடந்தன. ஜூலையில் அமெரிக்க ராணுவத் துறை மவுண்டன் பாஸின் புது உரிமையாளரான எம்.பி. மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் போட்டு, நியோடைமியம்-ப்ரசியோடைமியத்துக்குக் கிலோ 110 டாலருக்குக் கீழே விலை போனால் வித்தியாசத்தை அரசே தரும் என்று எழுதிக்கொடுத்தது. தடையற்ற சந்தைக்குக் கோயில் கட்டிய நாடு, நெல்லுக்கு ஆதார விலை மாதிரி உலோகத்துக்கு ஆதார விலை! சந்தை தானாகச் சரிசெய்யும் என்று இந்த விஷயத்தில் இனி யாரும் நம்பவில்லை.

நாம்? இந்தியாவில் ஒரு கோடியே 31 லட்சம் டன் மோனசைட் இருப்பதாக அரசாங்கக் கணக்கு. அரிய மண் இருப்பில் உலகத்தில் மூன்றாம் இடம். 2024-ல் சீனா எடுத்தது 2 லட்சத்து 70 ஆயிரம் டன். நாம் எடுத்தது 2,900 டன். அதிலும் ஒரு பகுதி ஜப்பானுக்குப் போனது. காந்தம் செய்ய இங்கே ஆளில்லையே! அதை நிறுத்திவைக்கச் சொல்லி 2025 ஜூனில் அரசு கேட்டதாகச் செய்தி வந்தது. நவம்பரில், வருஷத்துக்கு 6,000 டன் காந்தம் இங்கேயே செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல காரியம். வரவேற்கலாம்.

காந்தம் வேண்டுமென்றால் மணல் வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்க ஒரு திட்டம் இருக்கிறது. 2024-ல் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, மீனவ கிராமங்களின் எதிர்ப்பால் தள்ளிவைத்தார்கள். மோனசைட்டை அகற்றினால் கடற்கரையில் கதிர்வீச்சு குறையத்தானே செய்யும் என்பது நிறுவனத் தரப்பு. கேரளத்தில் கருநாகப்பள்ளி கரையில் வாழ்பவர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு, இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. மீனவர்கள் கேட்பது வேறு. கரையைத் தோண்டினால் கடல் உள்ளே வராதா? கட்டுமரம் ஏற்றிவைக்க மணல் எங்கே? இத்தனை வருஷம் எடுத்தீர்களே, எங்கள் ஊருக்கு என்ன செய்தீர்கள்? ஆய்வறிக்கையை நீட்டினால் இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகிவிடாது.

சீனாவே இன்றைக்குக் கழிவைக் கொஞ்சம் கைமாற்றிவிட்டது. டிஸ்ப்ரோசியத்துக்கும் டெர்பியத்துக்கும் வேண்டிய மண்ணில் பெரும்பங்கு மியான்மரின் கச்சின் மாநிலத்திலிருந்து எல்லை தாண்டி வருகிறது. மலையில் துளை போட்டு ரசாயனத்தை ஊற்றிக் கரைத்து எடுக்கிறார்கள். சரக்கு எல்லை தாண்டுகிறது. ரசாயனம் மலையிலேயே தங்கிவிடுகிறது. உலகத்துக்குப் பச்சை எரிசக்தி, கச்சின் மலைக்கு அமிலம்.

இந்த 140 வருஷக் கதையில் மணல் வைத்திருந்தவர்கள் ஜெயிக்கவில்லை. கண்டுபிடித்தவர்களும் கடைசிவரை ஜெயிக்கவில்லை. கசடைச் சுமக்கத் தயாராக இருந்தவன் ஜெயித்தான். சீனா தன் ஜனங்கள் தலையில் அதை ஏற்றியது, கேட்க நாதியில்லை. நம்மிடம் கோர்ட் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. அதனால் நமக்குச் செலவு கூடத்தான் ஆகும். தோரியத்தை எங்கே, எத்தனை வருஷம், யார் பொறுப்பில் வைப்பது, தோண்டிய கரையை யார் மூடுவது, ஊருக்கு எவ்வளவு பங்கு என்பதையெல்லாம் காந்தத்தின் விலையிலேயே சேர்த்துவிடவேண்டும். ஸ்கூட்டர் சில நூறு ரூபாய் கூடினால் கூடட்டும். ஓட்டுகிறவர்கள் கொடுக்கலாம், தப்பில்லை.

7,280 கோடிக்குக் காந்தத்தின் கணக்கு போட்டாகிவிட்டது. அடுத்த தடவை அதிகாரிகள் ஊருக்கு வரும்போது இன்னொரு கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு வரட்டும். காந்தம் எந்த ஊருக்கு, கசடு எந்த ஊருக்கு?